மூணாம் வகுப்பு இன்னைக்கு என்ன படிச்சுதுன்னா

சித்தே நகந்துக்குங்க அம்மிணி, பையை மடியில வச்சுக்கறேன். நான் காங்கேயம் வரைக்கும்தான். நீங்க தாராபுரமா? அப்ப சன்னலோரம் நீங்களே இருங்க, எனக்கு எதுக்கு.

தப்பா நெனைச்சுக்காதீங்க. நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துது. பக்கத்துல உக்காந்தா விழத்தானே செய்யும். பிள்ளை மூணாவது படிக்குதுங்களா? கிளாஸ் டீச்சரைப் பத்திக் குரூப்புல போட்டு மானத்தை வாங்கறேன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் கேக்கறேன். போடாதீங்க. யாரோ எவளோ சொல்றான்னு நெனைக்காதீங்க, நானும் மூணாங்கிளாஸ் டீச்சர்தான். சாந்தாமணி மிஸ்னா எங்க ஊருல தெரியாத ஆளு கெடையாது. என்னைப் பத்தியும் ஒருத்தி போட்டா. அவ கதை என்ன ஆச்சுன்னு கேட்டீங்கன்னா நீங்க அந்தப் பக்கமே போக மாட்டீங்க.

கொரோனா வந்துச்சே, அந்த வருசம். பள்ளிக்கூடத்தை மூடிட்டாங்க. எங்களது தனியார் பள்ளிக்கூடம். ஊரு தறிக்காரவிய ஊரு. கரஸ்பாண்டென்ட் எங்களை எல்லாம் கூப்பிட்டு, இனிமே பாடமெல்லாம் போன்லதான்னு சொன்னாரு. சொல்லிட்டு இன்னொண்ணும் சொன்னாரு. பிள்ளைங்க போனை வச்சுட்டு என்ன பண்றாங்கன்னு பெத்தவங்களுக்குத் தெரியாது, நம்பிக்கை வராது. அதனால தினமும் பொழுதோட, இன்னைக்கு உங்க பிள்ளைங்க என்ன படிச்சாங்கன்னு ஒவ்வொரு டீச்சரும் அந்தந்த கிளாஸ் குரூப்புல போட்டுடோணும்னு.

மத்த டீச்சருங்க இங்கிலீசுல டைப் பண்ணிப் போட்டாங்க. இந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் வரைக்கும், கேள்வி ஒண்ணு ரெண்டு மூணுன்னு. யாருங்க படிக்கறா அதை? எனக்கு அந்தச் சின்ன எழுத்தைத் தேடித் தேடி அமுக்கறதுக்கு முடியாது. பேசிப் போட்டுட்டேன்.

"அன்பான பெற்றோர்களே, வணக்கம். நம்ம மூணாம் வகுப்பு இன்னைக்கு என்ன படிச்சுதுன்னா..." இப்படித்தான் ஆரம்பிப்பேன். பறவைகளோட அலகைப் பத்திப் படிச்சோம். கிளிக்கு அலகு ஏன் வளைஞ்சிருக்குன்னு கேட்டேன், கொட்டையை ஒடைக்கறதுக்குங்க மிஸ்னு நம்ம சர்வேஷ் சொன்னான். ஏழாம் வாய்ப்பாட்டைத் தன்மதி தட்டுத் தடங்கல் இல்லாம ஒப்பிச்சா. நாளைக்குக் கடிகாரம் பாக்கப் பழகறோம், வீட்ல முள்ளு வச்ச கடிகாரம் இருந்தா செவுத்துல இருந்து எறக்கி வைங்க. அவ்வளவுதான். அதுல என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? நீங்க கேட்டிருக்கோணும். என் குரலு அப்படி. கண்ணை மூடிட்டுக் கேட்டா ரேடியோவுல வர்ற மாதிரியே இருக்கும்னு எங்க ஊட்டுக்காரரு சொல்லுவாரு. நான் பேசறப்ப பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து அவரும் கேப்பாரு.

சொன்னா நம்ப மாட்டீங்க, தறிப்பட்டறையில அதைச் சத்தமா வச்சுக் கேட்டிருக்காங்க. தறியை நிறுத்திப் போட்டுட்டு. தன்மதியோட அப்பா தறி ஓட்டறவரு, பால் வாங்கப் போனப்ப வழியில நிறுத்திச் சொன்னாரு. "மிஸ், எம் பொண்ணு பேரை நீங்க சொன்னதும் பட்டறையில அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க மிஸ்." அவரு கண்ணு கலங்கிப் போச்சு. ஒரு பேருங்க. சும்மா வாயில வந்துட்டுப் போற பேரு. அதுக்கு இவ்வளவு மதிப்பு இருக்குன்னு எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது. பேரு வந்த அன்னைக்குப் பிள்ளைக்குப் பண்டம் வாங்கித் தருவாங்களாம். பேரு வராத அன்னைக்கு, ஏன் சாமி நீ இன்னைக்கு ஒண்ணும் சொல்லலையான்னு கேப்பாங்களாம்.

இந்தச் சமயத்துலதான் அவ வந்தா. மேனகா. நேத்ராங்கற பிள்ளையோட அம்மா. எஞ்சினியருக்குப் படிச்சவ, கோயமுத்தூர்ல ஏதோ கம்பெனியில இருந்துட்டு, பிள்ளை பொறந்ததும் விட்டுட்டா. ஊட்டுக்காரரு குமரேசன், நூல் கடை வச்சிருக்காரு, அதிர்ந்து பேச மாட்டாரு. இவதான் எல்லாம். குரூப்புல மத்தவிய எல்லாம் கும்பிட்ட கை போடுவாங்க, இவ இங்கிலீசுல கேள்வி போடுவா. கிளாஸ் ஏன் முப்பது நிமிசத்துல முடிஞ்சுது, படம் ஏன் தெளிவா இல்ல, அப்படி. பொறுத்துக்கிட்டேன். படிச்ச புள்ளை, கேக்கத்தான் செய்யும்னு பொறுத்துக்கிட்டேன்.

அன்னைக்கு நீர் சுழற்சி எடுத்தேன். தண்ணி ஆவியாகி மேல போகுது, மேகமாகுது, மழையாப் பேயுது. நான் எப்பவுமே அதை நின்னு நடிச்சுத்தான் எடுப்பேன். ரெண்டு கையையும் மேல தூக்கிட்டே போவேன், அது ஆவி. கன்னத்தை உப்பிக் காட்டுவேன், அது மேகம். அப்புறம் பத்து விரலையும் ஆட்டிட்டே கீழ எறக்குவேன், மழை. பிள்ளைங்க எல்லாம் ஸ்கிரீன்ல கையை ஆட்டறாங்க. ஆகா, எல்லாரும் மழை பெய்ய வைக்கறாங்கன்னு எனக்கு ஒரே சந்தோசம். இன்னும் நல்லா ஆடிக் காட்டறேன். கடைசியிலதான் எங்க ஊட்டுக்காரரு எட்டிப் பாத்துட்டு, "சாந்தா, மைக்கு அமந்திருக்குது போல"ங்கறாரு. ஆரம்பத்துல இருந்தே அமந்துதான் இருந்திருக்கு. பிள்ளைங்க கையை ஆட்டுனது, கேக்கலைங்க மிஸ்னு சொல்றதுக்கு.

சரி, ஆகறதுதான். எல்லா டீச்சருக்கும் ஆச்சு. மறுக்கா எடுத்தேன், முடிஞ்சுது.

ஆனா அந்த மேனகா அதைப் போன்லயே படம் புடிச்சு வச்சிருக்கா. முழுசா. அதுக்கு ஒரு குத்துப்பாட்டைச் சேத்து ஸ்டேட்டஸ்ல வச்சுட்டா. என் கையும் கன்னமும் அந்தப் பாட்டுக்குத் தாளம் போடற மாதிரி. அங்க இருந்து எவனோ எடுத்து, அவன்கிட்ட இருந்து இன்னொருத்தன் எடுத்து, மத்தியானத்துக்குள்ள ஊரு பூரா போயிருச்சு. ரேசன் கடை வரிசையில நிக்கறேன், எனக்கு முன்னால நின்ன பையன் கூட்டாளிகிட்ட விரலை ஆட்டிக் காட்டறான். நான் நிக்கறது தெரியாது அவனுக்கு. தெரிஞ்சதும் வாயைப் பொத்துன கையை எடுக்கல. மழை மிஸ். அதுதான் என் பேரு அன்னைக்கு இருந்து. சென்னையில இருக்கற எம் பொண்ணு போன் பண்ணி, "ஏம்மா இப்படி?"ன்னு கேட்டா. சென்னைக்கே போயிருச்சு பாருங்க.

எம் மனசு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. குரலு ஒண்ணுதான் எனக்குச் சொத்து. அந்தக் குரலு இல்லாம, ஊமைக் கோமாளி மாதிரி என்னை ஊருக்குக் காட்டிட்டா. ஒரு போன் அடிச்சு, மிஸ் உங்க மைக்கு ஆஃப்ல இருக்குன்னு சொல்லியிருக்கலாமில்ல? சொல்லலையே. உக்காந்து படம் புடிச்சிருக்காளே.

எங்க ஊட்டுக்காரரு, அவகிட்டப் போய் நேரா கேளுன்னாரு. கரஸ்பாண்டென்ட்டுகிட்டச் சொல்லுன்னாரு. நான் எதுக்குக் கேக்கோணும்? கேட்டா சாரி மிஸ்னு ஒத்தை வார்த்தையில கழண்டுக்குவா. எனக்கு அந்த வார்த்தை வேண்டாம்.

நான் ஒண்ணும் பண்ணலைங்க. அதுதான் விசயம். ஒண்ணுமே பண்ணல. அன்னைக்குப் பொழுதோட எப்பவும் போலப் பேசுனேன். அன்பான பெற்றோர்களே வணக்கம், நீர் சுழற்சி படிச்சோம், ஆவின்னா என்னன்னு சர்வேஷ் சொன்னான், மேகம் ஏன் கருக்குதுன்னு கௌசிக் சொன்னான். அன்னைக்கு நேத்ராவும் ஒரு பதில் சொல்லியிருந்தா. அதைச் சொல்லாம விட்டுட்டேன். மறுநாளும் சொல்லல. அதுக்கு மறுநாளும் சொல்லல.

அந்தப் பிள்ளையை நான் திட்டலைங்க. ஒரு சுடுசொல்லு சொன்னதில்ல. என் வாயில இருந்து அந்தப் பிள்ளையைப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை வந்ததுன்னு யாரும் சொல்ல முடியாது. பேரைச் சொல்லல. அவ்வளவுதான்.

மொதல் வாரம் மேனகாவுக்கு ஒண்ணும் தோணல. ரெண்டாவது வாரம் பிள்ளை பளிச்சுன்னு வந்து உக்காந்துது. நல்ல கவுன், நெத்தி நெறைய பொட்டு, பின்னால செவுத்துல சார்ட்டு ஒட்டி வச்சிருக்கு. மூஞ்சிக்கு நேரா ஒரு விளக்கு வேற. கேள்வி கேட்டு முடிக்கறதுக்குள்ள கை தூக்கும். எனக்கு என்ன, தூக்குன கையெல்லாம் ஸ்கிரீன்ல தெரியுதா என்ன? தெரியும், இருந்தாலும் பாக்காத மாதிரி இருந்துக்குவேன். கௌசிக் நீ சொல்லு, தன்மதி நீ சொல்லு. அது தூக்குன கையைத் தூக்குனபடியே உக்காந்திருக்கும்.

ஒருநாள் அந்த ஊட்டு மைக்கைத் தெரியாம தொறந்து விட்டுட்டாங்க. பின்னம் எடுத்துட்டிருக்கேன், சப்பாத்தியை நாலாப் பிச்சா ஒரு பங்கு என்னன்னு. அப்ப அக்கட்டால இருந்து மேனகா குரலு கேக்குது. "கையைத் தூக்குடி. நல்லா தெரியற மாதிரித் தூக்கு."

பிள்ளை சொல்லுது, "தூக்கிட்டுதாம்மா இருக்கேன்."

"அப்புறம் எப்படிடி உன்னை மட்டும் கூப்பிட மாட்டேங்கறாங்க? நீ என்ன பண்ணித் தொலைச்சே?"

அப்புறம் ஒரு அடி விழுந்த சத்தம். கிளாஸ் பூராக் கேட்டுது. பிள்ளைங்க எல்லாம் கண்ணை உருட்டிட்டுப் பாக்குதுங்க. நான் மைக்கை அமத்திவிட்டுட்டு, கால் பங்குன்னா என்னன்னு சர்வேஷைக் கேட்டேன். அன்னைக்கு மத்தியானம் எனக்குச் சோறு நல்லா எறங்குச்சுங்க. ரொம்ப நாளைக்கு அப்புறம் ரசத்துக்கு ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டேன்.

பிள்ளை அடி வாங்குச்சேன்னு பாக்கறீங்களா? நானா அடிச்சேன்? பெத்தவ அடிச்சா.

இந்தக் கூத்துக்கு நடுவுல இன்னொண்ணு நடந்துது. அது இன்னும் மோசம். குமரேசன் நம்பர்ல இருந்து எனக்குத் தனியா ஒரு வாய்ஸ் வந்துது. நூல் கடைக்காரரு என்னத்துக்குப் பேசறாருன்னு போட்டுக் கேக்கறேன், அந்தப் பிள்ளை குரலு. "அன்பான பெற்றோர்களே, வணக்கம்"னு ஆரம்பிக்குது. நான் இழுப்பேன் பாருங்க, அதே மாதிரி இழுத்து. "நேத்ரா இன்னைக்கு என்ன படிச்சான்னா, எட்டாம் வாய்ப்பாடு படிச்சா. எட்டேழு அம்பத்தாறுன்னு நேத்ரா சரியாச் சொன்னா. மண்புழு மண்ணைக் கிளறி விடும்னு நேத்ரா சொன்னா. நேத்ரா நல்லா கவனிச்சா. நாளைக்கும் கவனிப்பா." அப்புறம், "சரியா மிஸ்?"ங்குது.

பாத்தீங்களா கொழுப்பை? ஊமைப் படமா எடுத்தது பத்தலைன்னு, இப்பக் குரலையும் எடுத்து நையாண்டி. பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துப் பேச வச்சிருக்கா. எட்டு வயசுப் பிள்ளை தானாவா பேசும் இப்படி? எங்க ஊட்டுக்காரரு அதைக் கேட்டுட்டு, "சாந்தா, அந்தப் பிள்ளை பேரை ஒருக்கா சொல்லிரு"ன்னாரு. இவருக்கு என்ன தெரியும்? வெள்ளந்தி மனுசன். இவரு பஞ்சாயத்து ஆபீசுல வேலை பாத்தவரு, பிள்ளைங்க சூது இவருக்குத் தெரியாது.

அந்த வாய்ஸை அப்படியே கரஸ்பாண்டென்ட்டுக்கு அனுப்பிச்சு விட்டேன். குடும்பமே சேந்து டீச்சரை எப்படி அவமானப்படுத்துதுன்னு நீங்களே கேளுங்கன்னு. அதுக்கப்புறமும் அந்த நம்பர்ல இருந்து தினமும் வந்துட்டுத்தான் இருந்துது. நான் தொறந்தே பாக்கல. ஒருநாள் பொறுக்க முடியாம அந்த நம்பரையே பிளாக் பண்ணி விட்டுட்டேன். நிம்மதியாப் போச்சு.

கரஸ்பாண்டென்ட் அவியளைக் கூப்பிட்டு என்ன சொன்னாருன்னு தெரியாது. ரெண்டு நாள் கழிச்சு மேனகா எங்க ஊட்டுக்கே வந்துட்டா. பொழுது சாயற நேரம். வாசக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறா, முகத்துல மாஸ்க்கு, கையில ஒரு தட்டத்துல ஆப்பிளும் பூவும். பக்கத்து ஊட்டு அம்மணியக்கா, எதுத்த ஊட்டு மளிகைக்கடைக்காரரு, எல்லாரும் காத்தாட வெளியில உக்காந்திருக்காங்க. நான் கேட்டைத் தொறக்கல. கொரோனா காலம், யாரு ஊட்டுக்குள்ள யாரை விடறாங்க?

"மிஸ், உள்ள வந்து ஒரு நிமிசம் பேசலாங்களா?"

"இங்கயே சொல்லுங்க மேனகா."

மெதுவாச் சொல்றா. "அந்த ஸ்டேட்டஸ் போட்டது தப்புதான் மிஸ். வெளையாட்டாப் போட்டேன். அது அப்படிப் போகும்னு நான் நெனைக்கல."

"மாஸ்க்கு போட்டிருக்கீங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கல. சித்தே சத்தமாச் சொல்லுங்க."

அவ அக்கம்பக்கம் பாக்கறா. மறுக்கா சொல்றா. நான் காதைக் கொண்டு போறேன். இன்னும் சத்தமாங்கறேன். மூணாவது தடவை கத்திச் சொன்னா பாருங்க, "நான் பண்ணுனது தப்புங்க மிஸ்"னு. அம்மணியக்கா எந்திரிச்சே நின்னுட்டா. மளிகைக்கடைக்காரரு காபி டம்ளரைக் கையில வச்சுட்டுக் குடிக்காம பாக்கறாரு. எனக்கு உள்ளங்கால்ல இருந்து உச்சி வரைக்கும் குளுகுளுன்னு இருந்துது. மாரியம்மன் நோம்பிக்குத் தண்ணி ஊத்துன மாதிரி.

"சரி, இப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

"பாப்பா பேரை ஒருநாள் சொல்லிடுங்க மிஸ். ஒரே ஒருநாள். அவ பேசறதே இல்லைங்க மிஸ். சாயங்காலம் நீங்க பேசறப்ப போனைக் காதுல வச்சுட்டு உக்காந்திருக்கா. முடிஞ்சதும் மறுபடி மொதல்ல இருந்து போட்டுக் கேக்கறா. நடுவுல எங்கயோ சொல்லியிருப்பாங்கம்மா, நாந்தான் விட்டுட்டேங்கறா." அழுதா. நல்லாவே அழுதா. நான் அழச் சொல்லலை.

"சொல்றேன் போங்க"ன்னேன். தட்டத்தைக் கேட்டு மேல வச்சுட்டுப் போனா. ஆப்பிளை அம்மணியக்கா பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன். நான் தொடல.

வாக்குக் குடுத்தா காப்பாத்தோணுமில்ல? அன்னைக்கே காப்பாத்திட்டேன். எப்பவும் போல ஆரம்பிச்சேன். "அன்பான பெற்றோர்களே, வணக்கம். நம்ம மூணாம் வகுப்பு இன்னைக்கு என்ன படிச்சுதுன்னா, நல்ல பழக்கங்களைப் பத்திப் படிச்சோம். பெரியவங்களுக்கு மரியாதை குடுக்கறது எப்படின்னு சர்வேஷ் அழகாச் சொன்னான்." அதெல்லாம் சொல்லிட்டு, கடைசியாச் சொன்னேன். "நேத்ராவோட அம்மா இன்னைக்கு நம்ம வீட்டு வாசலுக்கே வந்து, எம் பிள்ளை பேரைச் சொல்லுங்க மிஸ்னு கேட்டுக்கிட்டாங்க. கேட்டுக்கிட்டதனால சொல்றேன். நேத்ரா. நன்றி, வணக்கம்."

பொய்யி ஒண்ணு இருக்குதா அதுல? நடந்ததைச் சொன்னேன். அவ கேட்டதைக் குடுத்தேன்.

தலை நிமிந்து பாக்கறேன், பக்கத்து நாற்காலியில ஊட்டுக்காரரைக் காணோம். பொறவாசல்ல போய்த் தென்னை மரத்துக்குத் தண்ணி விட்டுட்டிருக்காரு. காலையிலதான் விட்டாரு அதுக்கு. அன்னைக்கு இருந்து நான் பேசறப்ப அவரு பக்கத்துல உக்கார்றதில்ல. வயசாயிருச்சு, காது சரியாக் கேக்கறதில்ல போல. இப்பெல்லாம் ஒண்ணு கேட்டா ரெண்டு தடவை கேக்க வேண்டியிருக்கு.

குரூப்புலயும் அன்னைக்கு ஒருத்தரும் கும்பிட்ட கை போடல. எல்லாரும் கேட்டிருக்காங்க, நீலக்குறி விழுந்திருக்கு. ஒண்ணும் போடல. பட்டறையில கூட அன்னைக்குப் பாதியில நிறுத்திட்டாங்களாம். பயந்துட்டாங்க. பயம் இருக்கோணுமில்ல? கொஞ்ச நேரத்துல, மேனகா குரூப்பை விட்டு வெளியேறிட்டான்னு வந்துது. குமரேசன் நம்பரும் வெளியேறிருச்சு. பிள்ளை மறுநாள் கிளாசுக்கு வரல. அதுக்கப்புறம் வரவே இல்ல.

டி.சி. வாங்கறதுக்குக் குமரேசன் மட்டும் வந்தாரு. அன்னைக்கு நாங்க புத்தகம் குடுக்கறதுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தோம். என்னைப் பாத்ததும் நின்னாரு. சண்டை போடுவாருன்னு பாத்தேன். அவரு சண்டை போடற ஆளா?

"பாப்பா உங்களை மாதிரியே பேசுவாளுங்க மிஸ்"ன்னாரு. "பொம்மையை எல்லாம் வரிசையா உக்கார வச்சு, தினமும் சாயங்காலம், அன்பான பெற்றோர்களேன்னு. ரெண்டாவது படிக்கறப்ப உங்க கிளாசுக்கு எப்பப் போவேன் எப்பப் போவேன்னு கேட்டுட்டே இருந்தாளுங்க. என் போன்ல இருந்து அவளாத்தான் உங்களுக்கு அனுப்பியிருக்கா, எங்களுக்கே தெரியாது. தொந்தரவு பண்ணியிருந்தா மன்னிச்சுக்குங்க மிஸ்."

பாத்தீங்களா? நான் சொன்னனில்ல? ஊட்டுக்குள்ளயே என்னை வச்சு தினமும் கேலி நாடகம் நடந்திருக்கு. பொம்மையை எல்லாம் உக்கார வச்சு. அப்பனே ஒத்துக்கிட்டான். "பரவாயில்லைங்க"ன்னு பெரிய மனசு பண்ணிச் சொல்லி அனுப்பிச்சேன். அவரு போனதும் ஆபீசுல இருந்த கிளார்க்குப் புள்ளை கண்ணைத் தொடைச்சுட்டிருந்துது. தூசி.

இப்பப் பல்லடத்துப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்துல படிக்குதாம் அந்தப் பிள்ளை. நல்லாப் படிக்குதாம், ஆனா கிளாஸ்ல எந்திரிச்சுப் பேசச் சொன்னா மட்டும் பேசாதாம். டாக்டர்கிட்டக் கூடக் கூட்டிட்டுப் போனாங்களாம். அம்மணியக்கா சொன்னா. மேனகா இப்ப ஸ்டேட்டஸே வைக்கறதில்லையாம். இந்தா, இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. டீச்சரைப் பகைச்சா இதுதான்.

அந்த மாசக் கடைசியில கரஸ்பாண்டென்ட், இனிமேல் எல்லா டீச்சரும் ஒரே மாதிரி டைப் பண்ணியே போடலாம் மிஸ், வாய்ஸ் வேண்டாம்னுட்டாரு. மத்த டீச்சருங்களோட வயித்தெரிச்சல். எனக்குத் தெரியாதா?

அடுத்த வருசம் தீபாவளிக்கு அப்புறம் பள்ளிக்கூடம் தொறந்தாங்க. எம் பிள்ளைங்க எல்லாம் நாலாவதுக்கு வந்துட்டாங்க. பழகுன டீச்சரே இருக்கட்டும்னு அந்த ஒரு வருசம் என்னையும் நாலாவதுக்குப் போட்டாங்க. ஆசை ஆசையாப் போனேன். ஆனா ஒண்ணு சொல்றேன் அம்மிணி, அந்தப் பிள்ளைங்க பழைய பிள்ளைங்க இல்ல. போனைக் கையில குடுத்துக் கெடுத்துட்டாங்க.

ஒருநாள் மத்தியானம் எல்லாரும் வெளையாடறாங்க, சர்வேஷ் மட்டும் என் மேசைகிட்ட வந்து நிக்கறான். எங்க மருந்துக்கடைக்காரரு பையன், அப்படி ஒரு தங்கமான பிள்ளை, தினமும் நான் பேரு சொன்ன பிள்ளை. "ஏன் சாமி, போய் வெளையாடு"ங்கறேன். "இந்த வாரமும் நானுங்க மிஸ்"ங்கறான். என்னடா நீன்னா, தலையைக் குனிஞ்சுக்கறான். துருவித் துருவிக் கேட்டா ஒவ்வொண்ணா வருது.

வாரத்துக்கு ஒரு பிள்ளையாம். அந்தப் பிள்ளை பேரை அந்த வாரம் பூரா யாரும் சொல்லக் கூடாதாம். அது கை தூக்குனா பாக்காத மாதிரி இருக்கோணுமாம். அது பேசுனா, பக்கத்துப் பிள்ளையைப் பாத்து நீ சொல்லுன்னு சொல்லோணுமாம். ஆட்டத்துல சேத்துக்கோணும்னா, அந்தப் பிள்ளையே எல்லாத்துக்கும் முன்னால வந்து நின்னு, எம் பேரைச் சொல்லுங்கன்னு சத்தமாக் கேக்கோணுமாம். கேட்டா, ஒரு பிள்ளை முன்னால வந்து, "கேட்டுக்கிட்டதனால சொல்றோம்"னு அந்தப் பேரைச் சொல்லுமாம். எல்லாரும் சிரிப்பாங்களாம். சர்வேஷ் கேக்க மாட்டேன்னு நின்னிருக்கான். அதனால அவனுக்கு மட்டும் வாரம் முடிஞ்சும் முடியல.

என்ன ஒரு குரூர புத்தி. ஒம்பது வயசுக் கொழந்தைங்களுக்கு இதெல்லாம் எங்கிருந்துங்க வருது? ஸ்கேலை எடுத்துட்டு எல்லாரையும் நிக்க வச்சேன். யாருடா கண்டுபுடிச்சது இந்த வெளையாட்டை, யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டேன். தன்மதியைப் புடிச்சு நிறுத்துனேன். அது பொய் சொல்லாத பிள்ளை.

"போன் கிளாஸ்லதாங்க மிஸ் படிச்சோம்"ங்குது.

"அப்படி ஒரு பாடத்தை நான் எங்கடி நடத்துனேன்?"

அது என்னையே பாத்துட்டு நிக்குது. அத்தனை பிள்ளைங்களும் என்னையே பாத்துட்டு நிக்குதுங்க. கையை நீட்டச் சொல்லி ஆளுக்கு ஒரு போடு போட்டேன்.

கிளாஸ்னு சொல்லித்தான் போனை வாங்கறது, அக்கட்டால கண்ட வீடியோவைப் பாக்கறது. அதுலதான் இந்த மாதிரிக் கருமமெல்லாம் வரும். அன்னைக்கே பெத்தவிய ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டேன், உங்க பிள்ளைங்க போன்ல என்னத்தைப் படிச்சிருக்காங்கன்னு பாருங்கன்னு சொன்னேன். எல்லாரும் சரிங்க மிஸ், சரிங்க மிஸ்னாங்க. தன்மதியோட அப்பா மட்டும் தறியை நிறுத்தாமயே கேட்டாரு. பின்னால தறிச் சத்தம் ஓடிட்டே இருந்துது. அப்புறம் வச்சுட்டாரு.

விடுங்க, எதையோ சொல்ல வந்து எங்கயோ போயிட்டேன். காங்கேயம் வந்துருச்சு போல, ஆளுங்க எந்திரிக்கறாங்க. அந்தப் பையைச் சித்தே எடுத்துக் குடுங்க அம்மிணி. போனை உள்ள வச்சுட்டீங்களா? நல்லதாப் போச்சு. டீச்சருகிட்டப் பணிஞ்சு போங்க. நாங்களும் மனுசங்கதான், மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டோம். உங்க பொண்ணு எந்தப் பள்ளிக்கூடம்? தாராபுரத்துல எனக்குத் தெரிஞ்ச டீச்சருங்க நெறையப் பேரு இருக்காங்க. வேணும்னா ஒரு வார்த்தை சொல்லி வைக்கறேன்.

பிள்ளை பேரு என்னங்க?

வண்டிச் சத்தத்துல கேக்கலீங்களா அம்மிணி? பிள்ளை பேரு என்னன்னு கேட்டேன்.